திருஷ்டி பொம்மையும் இரும்புக் கன்னியும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் அயர்ன் மெய்டன் என்ற லண்டன் ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்கு 50 வயதாகிவிட்டது என்று ஒரு மூலையில் நாலு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். ராஜா பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. பாதி திட்டு, மீதி ஆர்வம், ஒன்றிரண்டு இரண்டுமே. அதனால் இந்த முறை கேள்வி-பதில் முழுக்க மெட்டல்தான். பிடிக்காதவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழுக்கு வாருங்கள், நம்ம பெங்களூரு வீட்டு வாடகை அட்வான்ஸ் சண்டைகள் பற்றிய கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன.

என் மகன் பி.யு.சி. இரண்டாம் வருடம். எலும்பு முகம், வெறித்த கண், நீட்டிய பல் என்று படம் போட்ட ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கி வந்திருக்கிறான், வாரத்தில் 4 நாள் அதுதான். என் அம்மா அவனைச் சாமி ரூம் பக்கமே விடுவதில்லை. இது சாத்தான் வழிபாடு இல்லையே?
*ஓர் அப்பா, அல்சூர்*

இல்லை சார். உங்கள் தெருவில் புதிதாகக் கட்டுகிற வீடு ஒன்றாவது இருக்கும், அதை அண்ணாந்து பாருங்கள். உருட்டு விழியும் தொங்கும் நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும். அதை மாட்டிய மேஸ்திரியிடம் போய் நீ பேயைக் கும்பிடுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மகன் மாட்டிக்கொண்டு திரிவதும் அந்த வகையறாதான்.

அதன் பெயர் எட்டி, அயர்ன் மெய்டன் குழுவின் சின்னம். நம்ம எட்டிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் பெயர் என்னவோ பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆரம்பத்தில் அது மேடையின் பின்பக்கம் மாட்டியிருந்த ஒரு முகமூடி மட்டும்தான், கச்சேரி முடியும் நேரத்தில் அதன் வாயிலிருந்து சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சுவார்கள், அது நேராகக் கீழே உட்கார்ந்து வாசிக்கிற டிரம்மர் தலையில் போய் விழும். அப்புறம் டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் எப்போதோ வரைந்து வைத்திருந்த ஒரு படம் இவர்கள் கண்ணில் பட்டது. அதில் தலைமுடியை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி, 1980-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் அந்த முகம் ஏதாவது ஒரு வேஷத்தில் வந்துவிடுகிறது. பாடகர் மாறினார், கிதார்காரர் மாறினார், எட்டிக்கு மட்டும் இன்னும் வேலை போகவில்லை.

சாத்தான் பழி வந்தது 1982-இல், 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' (மிருகத்தின் எண், பைபிளில் வரும் 666) ஆல்பத்தோடு. குழுவின் பேஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டுப் படுத்து, கெட்ட கனவு கண்டு எழுந்து எழுதியது அதன் தலைப்புப் பாட்டு. அமெரிக்காவில் சிலர் ரெக்கார்டுகளைக் குவித்து வைத்துக் கொளுத்தினார்கள், எரிகிற புகை மூக்கில் ஏறினால் என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் சுத்தியல் எடுத்து உடைத்தார்களாம். பிரிட்டனில் அதே ஆல்பம் முதலிடம். உங்கள் அம்மாவுக்குச் சொல்ல ஒரு தகவல்: 1982 கடைசியில் குழுவில் சேர்ந்து 42 வருடம் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 1999 முதல் பக்தியான கிறிஸ்தவர். அதன் பிறகும் மேடையேறி அதே பாட்டுக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

சாமி ரூமுக்குள் போகும்போது சட்டையைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கோயில் முறையும் ஆச்சு, பாட்டிக்கும் திருப்தி.

31 வருடம் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பு அடிக்கிற சத்தம் போதும் போதும் என்று வந்தால் பேரன் வீட்டில் அதையே பாட்டாகப் போடுகிறான். இதற்கு ஏன் மெட்டல் என்று பெயர்?
*பென்ஷன்காரர், ராமமூர்த்தி நகர்*

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை. பெயரை யார் வைத்தது என்பதில் சண்டை உண்டு. 1968-இல் ஸ்டெப்பன்வுல்ஃப் என்ற குழு பாடிய மோட்டார் சைக்கிள் பாட்டு ஒன்றில் ஹெவி, மெட்டல் என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து வரும், ஆனால் அங்கே அது வண்டி உறுமுவதைச் சொன்னது. பெயரை விடுங்கள், இந்தச் சத்தம் பிறந்ததே உங்கள் மாதிரி ஒரு ஷாப்பில்தான்.

பர்மிங்காம் நகரம், 1965. டோனி ஐயாமி என்ற 17 வயதுப் பையனுக்குத் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் அன்று கடைசி நாள், கிதார் வாசித்துப் பிழைக்கப் போகிறேன் என்று வேலையை விட்டிருந்தான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்றிருக்கிறான், அம்மாதான் போய் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தாள். அன்று ஒருவர் வரவில்லை, பழக்கமில்லாத அவருடைய மிஷினில் இவனை நிற்க வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரன் என்பதால் கம்பியை அழுத்துகிற கை வலது கை. புரிகிறதா ஐயா, எது போகக் கூடாதோ அதுவே போனது.

படுத்துக் கிடந்தவனைப் பார்க்க வந்த ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது, தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகு ஐரோப்பாவே திரும்பிப் பார்க்க வாசித்த மனுஷன். பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, சூடான கம்பியால் குடைந்து, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்தான், வழுக்காமலிருக்க மேலே தோல் துண்டு ஒட்டினான். கம்பி தடிமனாக இருந்தால் வலிக்கும், அதனால் மெல்லிய கம்பி. அது போதாமல் பின்னால் ஸ்ருதியையும் இறக்கிக் கம்பியைத் தொய்வாக்கினார்கள். ஸ்ருதி இறங்க இறங்கச் சத்தம் கனத்தது. 1970 பிப்ரவரி 13-இல் வந்த, ஐயாமியின் பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தை இந்த இசையின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

அதே குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இளவயதில் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். 2025 ஜூலை 5-ஆம் தேதி தன் ஊரான பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசியாகப் பாடினார். ஜூலை 22-இல் போய்ச் சேர்ந்தார். நடுவில் 17 நாள்தான்.

அயர்ன் மெய்டனுக்கு ஓனர் யார்? எங்கள் ஸ்டார்ட்-அப் 18 மாதத்தில் உடைந்தது, இவர்கள் எப்படி 50 வருடம்?
*வேலை தேடுபவர், மாரத்தஹள்ளி*

ஓனர் என்ற வார்த்தையைச் சரியாகத்தான் பிடித்தீர்கள். ஸ்டீவ் ஹாரிஸ். கிழக்கு லண்டன்காரர், 1956-இல் பிறந்தவர், கால்பந்து பைத்தியம், வெஸ்ட் ஹாம் அணியின் இளையோர் பயிற்சிக்குப் போய்விட்டு வேண்டாம் என்று திரும்பியவர். கட்டட வரைபடம் போடுகிற வேலை பார்த்துக்கொண்டே பேஸ் வாசித்தார். இதற்கு முன் இருந்த குழுவில் உன் பாட்டு ரொம்ப வேகம், நடுநடுவே காலம் வேறு மாறுகிறது, நமக்கு ஒத்துவராது என்றார்கள். சரி, நீங்கள் இருங்கள் என்று வெளியே வந்து 1975 கிறிஸ்துமஸ் அன்று சொந்தக் குழு ஆரம்பித்தார். பெயர் ஒரு பழைய சித்திரவதைக் கருவியுடையது, ஆள் உயர இரும்புப் பெட்டி, உள்ளே ஆணிகள். அந்தக் கருவியே பின்னாளில் கிளப்பிவிட்ட கட்டுக்கதை என்று வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள், அது வேறு கதை.

ஸ்ட்ராட்ஃபோர்டில் கார்ட் அண்ட் ஹார்ஸஸ் என்ற சின்ன மதுக்கடை. அங்கேதான் வாசித்துப் பழகினார்கள். ஆள் வருவதும் போவதும் பஸ் ஸ்டாண்ட் மாதிரி, இன்றைக்கும் கூடவே இருக்கிற கிதார்காரர் டேவ் மர்ரியைக்கூட ஒரு சண்டையில் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போது லண்டன் முழுக்க பங்க் இசை அலை, முடியை வெட்டிக்கொண்டு அப்படி வாசித்தால் உடனே கம்பெனி ஒப்பந்தம் என்று ஆசை காட்டினார்கள், ஹாரிஸ் அசையவில்லை. 1978 டிசம்பர் கடைசியில், ஊரெல்லாம் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் சல்லிசாக நேரம் கிடைத்தது, 4 பாட்டைப் பதிந்தார்கள். மூல டேப்பை வாங்கக் கையில் காசில்லை. பணத்தைப் புரட்டிக்கொண்டு திரும்பிப் போனால் அதை அழித்து வேறு எதையோ பதிந்துவிட்டிருந்தார்கள். கையில் மிஞ்சியிருந்த பிரதியை வைத்தே மூன்று பாட்டை 5,000 ரெக்கார்டு போட்டுத் தபாலில் விற்றார்கள். 1979-இல் ராட் ஸ்மால்வுட் மேனேஜராக வந்தார், அந்த வருடக் கடைசியில் ஈ.எம்.ஐ. ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம், 1980 ஏப்ரலில் முதல் ஆல்பம், வந்ததும் பிரிட்டனில் 4-ஆம் இடம்.

ரேடியோவில் பெரிதாகப் போடவில்லை, டி.வி. கண்டுகொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள், அதுதான் முழு வியாபாரத் திட்டமும். 1984 ஆகஸ்டில், அன்றைய கம்யூனிஸ்ட் போலந்தின் வார்சாவில் தொடங்கிய ஒரு சுற்றுப்பயணம் 1985 ஜூலையில் கலிபோர்னியாவில்தான் முடிந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அத்தோடு ஏறக்குறையக் கழன்றே போனார்.

உங்கள் ஸ்டார்ட்-அப்பில் முதலாளிகள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. இங்கே சாவிக்கொத்து முதல் நாளிலிருந்து ஒரே இடுப்பில். அது நல்லதா கெட்டதா என்றால், ஹாரிஸின் பிடிவாதத்தால் கெட்டுப்போன ஆல்பங்களும் உண்டு, கீழே வருகிறேன்.

மிருதங்கம் கற்கிறேன். இவர்கள் பாட்டில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு நடை திரும்பத் திரும்ப வருகிறதே, அது என்ன கணக்கு?
*கல்லூரி மாணவி, மல்லேஸ்வரம்*

நல்ல காது உங்களுக்கு. சதுஸ்ர நடைதான். நாலு மாத்திரையில் முதல் அடியை நீட்டிப் பின் இரண்டைப் பொடியாக்குங்கள்: தா-தக, தா-தக, தா-தக. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், குளம்புச் சத்தம் கேட்கும். சாதாரணமாக பேஸ் கிதார் என்பது பின்னால் நின்று தம்பூரா வேலை பார்க்கிற வாத்தியம், ஹாரிஸ் அதை முன்னால் இழுத்துவந்து ஓடவிட்டார். அதுவும் கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை இல்லாமல், வெறும் விரலால். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் விரலால் வாசிப்பது என்ன பாடு என்று உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற மெட்டல் குழுக்களில் காலுக்கு இரண்டு பெடல் வைத்து டிரம்ஸைத் தடதடவென்று உருட்டுவார்கள், மெக்பிரெய்ன் பெரும்பாலும் ஒற்றைப் பெடலிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அப்புறம் அந்தக் கிதார்கள். இரட்டை நாகஸ்வரத்தில் இருவரும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து போவார்கள் அல்லவா, இங்கே ஒருவர் ஸ பிடித்தால் இன்னொருவர் க பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். விஷ்போன் ஆஷ், தின் லிஸ்ஸி போன்ற குழுக்கள் முன்பே போட்ட பாதைதான், இவர்கள் அதில் குதிரையை ஏற்றினார்கள்.

மூன்று பாடகர்களில் யார் பெரியவர்? நண்பர்களுக்குள் சண்டை, நீங்கள்தான் தீர்ப்பு.
*மூன்று பேர், சிவாஜி நகர்*

தீர்ப்பு சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து என்னை அடிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் இரண்டு ஆல்பத்தில் பாடிய பால் டியானோவின் குரல் கரடுமுரடு, தெருச்சண்டைக் குரல். அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் சரி, இன்றுவரை வேறு யார் பாடினாலும் எனக்கு ஒட்டுவதில்லை. ஆனால் நீண்ட பயணங்களுக்கு உடம்பைக் காப்பாற்றி வைக்கவில்லை, 1981-இல் அனுப்பிவிட்டார்கள். 2024 அக்டோபரில் காலமானார். கடைசி வருடங்களில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பாடினார்.

அடுத்து வந்த புரூஸ் டிக்கின்சன், சந்தேகமென்ன, அவர்தான். மேல் ஸ்தாயியில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கதை சொல்வார். 1993-இல் விலகிப் போனார், 1999-இல் கிதார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். ஸ்மித் இடத்தில் 1990-இல் வந்திருந்த ஜானிக் கெர்ஸை என்ன செய்வது? ஒன்றும் செய்யவில்லை, மூன்று கிதார் என்று ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரர் வந்தால் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்கிற இந்த ஊரில் இது எனக்கு இன்னமும் ஆச்சரியம். 2014 கடைசியில் டிக்கின்சனின் நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை முடிந்து 2016-இல் மேடைக்கு வந்துவிட்டார், தொண்டையை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

நடுவில் வந்த பிளேஸ் பெய்லிதான் பாவம். 1995-இலும் 1998-இலும் இரண்டு ஆல்பம். அவர் குரல் கீழ் ஸ்தாயிக் குரல், டிக்கின்சன் உயரத்துக்குப் போட்ட பழைய பாட்டுகளை அதே உயரத்தில் ஒவ்வொரு ராத்திரியும் பாட வைத்தார்கள், ஹாரிஸ் ஸ்ருதியை இறக்கித் தரவில்லை. மேலே சொன்ன பிடிவாதம் இதுதான். அரங்குகள் சின்னதாகின, பழி முழுவதும் பெய்லி தலையில். ஆனால் 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டும் அவர் காலத்துப் பாட்டுகள், டிக்கின்சன் திரும்பி வந்த பிறகும் மேடையில் எடுத்துப் பாடியிருக்கிறார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எது?

பாடகரே விமானம் ஓட்டினார் என்கிறான் தம்பி. கதை விடுகிறான்தானே?
*விமான நிலையச் சாலை டாக்ஸி ஓட்டுநர், எலஹங்கா*

விடவில்லை. டிக்கின்சன் முறையாக உரிமம் வாங்கிய பயணிகள் விமான பைலட். 2008-இல் ஒரு போயிங் 757-ஐ எடுத்து, பின் சீட்டுகளைக் கழற்றி வாத்தியங்களையும் மேடைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் கச்சேரி எங்கே தெரியுமா, பிப்ரவரி 1-ஆம் தேதி மும்பையில். 45 நாளில் 23 கச்சேரி. ராத்திரி பாடிவிட்டு மறுநாள் ஓட்டுவார். 2016-இல் 747-க்கே போய்விட்டார்கள். அது சிலியில் தரையில் இழுத்துக்கொண்டு போகும்போது இடித்து எஞ்சின்கள் அடிபட்டன, அப்போது ஓட்டியது அவர் இல்லை. ரிவர்ஸில் நிற்க வைக்கும்போது இடிபடுகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா.

எங்கள் சித்தப்பா 2007-இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் இருந்தேன் என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்கிறார். நீங்கள் போனீர்களா? உண்மையிலேயே அப்படி என்ன நடந்தது?
*ஓர் அண்ணன் மகள், காக்ஸ் டவுன்*

சித்தப்பா சொல்வதை நம்புங்கள், நானும் அங்கேதான் இருந்தேன், ஒருவேளை அவர் காலை மிதித்திருப்பேன்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. இந்தியாவில் அயர்ன் மெய்டன் வாசித்த முதல் நாள். அதற்கு முன்னால் எங்களுக்கு இவர்கள் என்றால் கேசட், அதிலும் பாதி நண்பனிடமிருந்து டேப்-டு-டேப் எடுத்தது, அட்டைப் படத்தை ஜெராக்ஸ் போட்டுச் செருகி வைத்திருப்போம், எட்டி ஒரு கறுப்புக் கறையாகத்தான் தெரிவான். அந்தக் கேசட்டுக்குள் இருந்தவர்கள் மேக்ரி சர்க்கிள் பக்கம் வந்து இறங்குகிறார்கள் என்பதே நம்பும்படி இல்லை. மத்தியானமே ஜெயமஹால் ரோடு கறுத்துவிட்டது. எல்லாம் கறுப்பு டி-ஷர்ட். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவர்கள், கேரளக் கும்பல், வடகிழக்கிலிருந்து ரயிலில் நாள் கணக்கில் வந்த பையன்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் தயிர்சாதப் பொட்டலத்தை உள்ளே விட மாட்டேன் என்ற காவலாளியிடம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்கு மாறி, கடைசியில் அங்கேயே நின்று அதைச் சாப்பிட்டு முடித்தான். எனக்கும் ஒரு வாய் கொடுத்தான். மோர்மிளகாய்கூட இருந்தது.

முதலில் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார், டெல்லிக் குழு பரிக்ரமாவும் வாசித்தது, மெட்டல் கூட்டத்துக்கு நடுவே அவர்களுடைய வயலின் கேட்டது தனிச் சுகம். அந்தக் குழுவைப் பிடித்துப்போய் அதே வருடம் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கும் கூப்பிட்டார்கள்.

இவர்கள் மேடைக்கு வந்த பிறகு எனக்கு நினைவிருப்பது செம்மண் புழுதி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குதித்தால் அரண்மனை மைதானத்து மண் விளக்கு வெளிச்சத்தில் மேகமாக எழும்பி நிற்கும், பாடுகிற எல்லோர் வாயிலும் மண். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டின் கிதார் மெட்டைக் கூட்டமே ஓ ஓ என்று பாடியபோது டிக்கின்சன் மைக்கை இறக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். என் இடது கால் செருப்பு அங்கே எங்கேயோ இருக்கிறது. ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து ஆட்டோ கேட்டால் மீட்டருக்கு மேல் இரட்டிப்பு கேட்டார், கொடுத்தேன், அன்று எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, திங்கட்கிழமை ஆபீசில் எழுதிக் காட்டித்தான் வேலை பார்த்தேன்.

2009 பிப்ரவரியில் மறுபடி இதே ஊருக்கு வந்தார்கள். அதற்கும் போனேன். ஷூ போட்டுக்கொண்டு.

ஒரு பாட்டு 13 நிமிடமா? என் மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள், பாடத்தில் வருகிற கவிதை என்று சொல்லி என்னை ஏமாற்றி அதைக் கேட்கிறாளா?
*இல்லத்தரசி, ஹொரமாவு*

ஏமாற்றவில்லை அம்மா. கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவி 1798-இல் வெளியிட்ட கவிதை, ஒரு கிழ மாலுமி அல்பட்ராஸ் பறவையைக் காரணமில்லாமல் அம்பெய்து கொன்றுவிட்டு, கப்பலோடு சபிக்கப்பட்டு, வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே திரிவான். 1984-இல் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்துக்காக ஹாரிஸ் அதை முழுக்கதையாகவே பாட்டாக்கினார். நடுவில் வாத்தியமெல்லாம் அடங்கி, கயிறும் பலகையும் முனகுகிற சத்தம் மட்டும் கேட்கும், கப்பல் காற்றில்லாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். மதிப்பெண் எவ்வளவு வருமோ தெரியாது, கதை மட்டும் மறக்காது.

13 நிமிடத்துக்கே மலைத்தால் எப்படி, 2015-இல் 18 நிமிடப் பாட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள், டிக்கின்சன் பியானோ வாசித்தது. ஆர்101 என்ற பிரிட்டிஷ் வானக்கப்பல் 1930 அக்டோபரில் பிரான்சில் விழுந்து எரிந்து 48 பேர் இறந்த கதை. அந்தக் கப்பல் கிளம்பியதே இந்தியாவுக்குத்தான், அன்றைய இந்தியாவின் கராச்சிக்கு. அங்கே அதற்காகவே ஒரு பெரிய கொட்டகை கட்டி வைத்துக் காத்திருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் ஏன் தோல் ஜாக்கெட் போடுகிறார்கள்? வேர்க்காதா?
*தையற்காரர், ஸ்ரீராமபுரம்*

வேர்க்கும். அதை ஆரம்பித்துவைத்தது பர்மிங்காம் பக்கத்து ஜூடாஸ் பிரீஸ்ட் குழு, 1970-களின் கடைசியில். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தோலும் ஆணியுமாக வந்து மேடைக்கு மோட்டார் சைக்கிளே ஓட்டி வருவார். முரட்டு ஆம்பிளைத்தனத்தின் சீருடை என்று உலகமே அதைக் காப்பியடித்தது, 1998-இல் அவர் தான் ஒருபால் ஈர்ப்புள்ளவர் என்று டி.வி.யில் அமைதியாகச் சொன்னார். ரசிகர்கள் பெரும்பாலும் சரி, பாட்டைப் போடு என்றுவிட்டார்கள். ஹாரிஸ் விஷயம் வேறு, அவருக்குக் கால்பந்து அரைக்கால் சட்டை போதும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? இன்னும் வாசிக்கிறார்களா, இல்லை பழங்கதையா?
*இரவு ஷிஃப்ட்காரர், எலக்ட்ரானிக் சிட்டி*

1982-லிருந்து 1988 வரை வந்த ஐந்து ஆல்பத்தில் எதை எடுத்தாலும் சரி. நான் முதலில் 'பவர்ஸ்லேவ்' என்பேன், உங்களுக்கு அதிகாலை வண்டியில் திரும்பும்போது கேட்க 'செவன்த் சன்' இன்னும் நன்றாக இருக்கலாம். கடைசி ஸ்டூடியோ ஆல்பம் 2021-இல் வந்த 'செஞ்ஜுட்சு', ஜப்பான் வேஷத்தில் எட்டி. அதை அரைமணி வெட்டியிருக்கலாம் என்பது என் கட்சி, இதற்கும் கடிதம் வரும்.

வாசிக்கிறார்கள். மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்தது. சில மாதத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தார், ஆனால் பழைய சில உருட்டல்கள் கைக்கு வரவில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிட்டு 2024 டிசம்பர் 7-இல் சாவ் பாலோவில் கடைசிக் கச்சேரி வாசித்து விடைபெற்றார். அவர் இடத்தில் சைமன் டாசன், ஹாரிஸின் இன்னொரு சின்னக் குழுவில் வாசிக்கிறவர். 2025 மே மாதம் புடாபெஸ்டில் 50-ஆம் ஆண்டுப் பயணத்தைத் தொடங்கினார்கள், முழுக்க முதல் ஒன்பது ஆல்பத்துப் பாட்டுகள். ஹாரிஸுக்கு அப்போது 69.

பக்கத்து வீட்டுப் பையன் ஹெட்ஃபோனில் முழுச் சத்தம் வைக்கிறான். காது போகாதா?
*காது கேட்காத ஒருவர், ஜீவன் பீமா நகர்*

போகும். ஒருமுறை போனால் வராது. கச்சேரிக்குப் போனால் மருந்துக் கடையில் விற்கிற நுரைப்பஞ்சுக் காதடைப்பானை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாட்டு அப்போதும் நன்றாகவே கேட்கும். 2007-இல் நான் வைக்கவில்லை, எனக்கு வலது காதில் இன்றும் ஒரு கொசு.

ஹாஸ்டலில் இருக்கிறேன். தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற தாத்தா என் டி-ஷர்ட்டில் கரிப்பெட்டியை வைத்ததும் எட்டியின் பாதி முகம் பெட்டியோடு வந்துவிட்டது. அவரும் பயந்துவிட்டார். ஒட்ட வைக்க வழி உண்டா?
*மாணவன், கோரமங்களா*

ஒட்டாது தம்பி, அது ரப்பர் சாயம், உருகினால் உருகியதுதான். அடுத்ததை வாங்கினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவை, நிழலில் உலர்த்து, இஸ்திரி அவசியமென்றால் திருப்பிப் போட்டபடியே கொடு. தாத்தாவுக்குப் பெட்டியில் ஒட்டியதைச் சுரண்ட அரைமணி போயிருக்கும், அந்தக் காசைக் கொடுத்துவிடு. பாதி முகம் போன டி-ஷர்ட்டைத் தூக்கிப் போடாதே, 1980-இல் ரிக்ஸ் வரைந்த முகமே ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.